கேட்டு வாங்கின கொப்பு வேர் விடாது

கள்ளர்களில் நகைக் கள்ளன், கோழிக் கள்ளன், மரக்கறிக் கள்ளன் என்று பல இனம் உண்டு. அவர்களைப் பொலிஸ் பார்த்துக்கொள்ளும். ஆனால் பொலிஸ்காரர் வீட்டு வாசலிலேயே கைவரிசையைக் காட்டிவிட்டு, அவருடைய மனைவி கையால் தேத்தண்ணியும் குடித்துவிட்டு, "போயிட்டு வாறோங்க" என்று கும்பிட்டுவிட்டு வருகிற ஓர் இனம் இருக்கிறதே, அதைப் பற்றி யாரும் எழுதுவதில்லை. எழுத வேண்டியவர்களும் அந்த இனத்தைச் சேர்ந்தவர்கள் என்பது காரணமாக இருக்கலாம். இந்த இனத்துக்குக் கொப்பு முறிப்பவர் என்று பெயர்.

அடையாளம் சொல்கிறேன். கல்யாண வீட்டில் எல்லோரும் பெண்ணைப் பார்த்துக்கொண்டிருக்க, இவர் மட்டும் பந்தல் காலடியில் இருக்கும் பூச்சாடியைப் பார்ப்பார். சாவு வீட்டில் "எத்தனை மணிக்கு நடந்துச்சு?" என்று உருக்கமாகக் கேட்பார், கண் வேலியோரத்தில் இருக்கும். ஆஸ்பத்திரிக்குத் தோடம்பழம் கொண்டுபோன பை வெறுமையாகத் திரும்பி வராது. ஈரத்துணியில் சுற்றிய மூன்று தண்டு அதற்குள் படுத்திருக்கும். வலது கைப் பெருவிரல் நகம் மற்ற நகங்களைவிடக் கொஞ்சம் நீளம். எதற்கு? கணுவுக்குக் கீழே, சாய்வாக, சத்தம் வராமல் கிள்ளுவதற்கு.

இவர்களுக்குச் சட்டமும் உண்டு. கேட்டு வாங்கின கொப்பு வேர் விடாது. வேர் விட்டாலும், நன்றி சொன்னால் பட்டுப்போகும். பட்டுப்போகாவிட்டாலும், எங்கே எடுத்தோம் என்று வாய் திறந்தால் பூக்காது. ஆகவே, "அடடா, இந்தக் கன்னு எங்க வாங்கினீங்க?" என்று யாராவது கேட்டால், மலைநாடு முழுவதும் ஒரே பதில்தான் கிடைக்கும்.

"அதுவா வந்துச்சுங்க."

கொட்டகலைக்குப் பக்கத்துத் தோட்டமொன்றில் முப்பத்து நான்கு வருஷம் பெரிய கிளாக்கராக இருந்து ஓய்வுபெற்ற முத்துலிங்கம் இந்த இனத்தின் தலைமகன். கந்தோர்ப் பென்சில் ஒன்றை ஒருநாளும் சட்டைப் பையில் மறந்து வீட்டுக்குக் கொண்டுவராத மனிதர். பஸ் கொண்டக்டர் மீதிச் சில்லறை கூடக் கொடுத்தால் ஓடிப்போய்த் திருப்பிக் கொடுப்பவர். ஆனால் பூச்செடி என்று வந்துவிட்டால் நேர்மை பஸ்ஸிலேயே போய்விடும்.

"ஏங்க, கேட்டா குடுக்கமாட்டாங்களா?" என்று அவர் மனைவி சண்முகவடிவு ஒருமுறை கேட்டார்.

"குடுப்பாங்க. குடுத்துட்டா அப்புறம் எப்புடி வேர் விடும்?"

அவருடைய உயிர், வீட்டுக்குப் பின்னால் தண்ணீர்த் தாங்கிக்குப் பக்கத்தில் தொங்கிக்கொண்டிருந்த தோடுப்பூ. சிவப்புக்குள் ஊதா மடிந்து, கம்மல் மாதிரித் தலைகீழாகத் தொங்கும் பூ. பதினெட்டு வருஷத்துக்கு முன்னால் ஒரு கடிதத்தில் கையெழுத்து வாங்கத் தோட்டத்து மனேஜரான தொரையின் பங்களாவுக்குப் போனவர், கையெழுத்தும் வாங்கிக்கொண்டு, வராந்தா ஓரத்தில் ஒரு கொப்பும் கிள்ளிக்கொண்டு வந்தார். ஜனவரிப் பனிக்குச் சாக்குப் போர்த்துவார். அடைமழைக்குத் தகரம் சாய்த்து வைப்பார். தன் பிள்ளைகளுக்குச் சளி பிடித்தபோதுகூட அவர் இவ்வளவு பதறியதில்லை என்று சண்முகவடிவு சொல்வார். பார்க்க வருகிறவர்களை அவர் பின்பக்கம் விடுவதேயில்லை.

முன்பக்கம் மஞ்சள் கொடி. எங்கிருந்தோ ஒரு சாண் கொண்டுவந்து நட்டார். ஒரே வருஷத்தில் வேலியை மூடி, கோழிக் கூட்டை மூடி, கக்கூஸ் கூரையில் ஏறி நின்றது. வெட்டினால் வெட்டிய துண்டெல்லாம் முளைத்தது. என்ன செய்வது? தானம் செய்தார். தொழிலாளர் குடியிருக்கும் லயத்துக்கு லயம் கொடுத்தார், கோயில் வேலிக்குக் கொடுத்தார், பள்ளிக்கூடத்துக்குக் கட்டுக்கட்டாக அனுப்பினார், றொசல்லயில் ரயில் நின்ற இரண்டு நிமிஷத்தில் ஜன்னல் வழியாக ஒரு முன்பின் தெரியாத மனிதரிடம் ஒரு பை நிறையத் திணித்தார். "ரொம்ப சாதுவான கன்னு. தண்ணிகூட வேணாம்" என்பார். தாராள மனசுக்காரர் என்று தோட்டம் முழுவதும் பேர்.

கவனித்தீர்களா? உயிரான செடியைப் பின்பக்கம் ஒளித்துவைத்தார்; வெட்டி மாளாத செடியை ஊருக்கெல்லாம் தானம் செய்தார். நாமெல்லாம் பிறருக்கு அள்ளிக் கொடுப்பது பெரும்பாலும் இந்த முன்பக்கத்துச் சரக்குதான்.

இப்படியிருக்கும்போது தனுஜா வந்து சேர்ந்தாள். டயகமவில் பிறந்து, பேராதனையில் தாவரம் படித்து, ஓர் ஆய்வுக் குழுவில் வேலைக்குச் சேர்ந்த பிள்ளை. அழகுக்கு வளர்க்கும் பூச்செடிகளில் சில வேலி தாண்டித் தேயிலைக்குள்ளும் காட்டுக்குள்ளும் இறங்கிவிடுகின்றன. எந்தச் செடி நாளைக்கு அப்படிப் போகும் என்று இன்றைக்கே கண்டுபிடிப்பது அவள் வேலை. கையில் நாற்பத்தொன்பது கேள்வியுள்ள படிவம். இந்தச் செடி விதையால் பரவுமா? முறிந்த துண்டு முளைக்குமா? யாரும் நடாமல் தானாக வருமா? ஒவ்வொரு பதிலுக்கும் புள்ளி. பள்ளிக்கூடத்தில் புள்ளி கூடினால் பரிசு. இங்கே புள்ளி கூடினால் சிவப்புப் பட்டியல். அதில் விழுந்த செடியைத் தோட்டத்து வாசல்களிலெல்லாம் வேரோடு பிடுங்கி எரித்துவிட வேண்டும் என்று தொரையும் ஒத்துக்கொண்டிருந்தார்.

ஊரில் செடி தெரிந்தவர் யார் என்று தனுஜா விசாரித்தாள். எல்லாக் கையும் ஒரே வீட்டைக் காட்டியது. முத்துலிங்கம் சலவைச் சட்டை போட்டுக்கொண்டு, குடையைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, வழிகாட்டக் கிளம்பினார். பூனையை மீன் காவலுக்கு வைத்த கதைதான், போங்கள்.

முதல் வீடு மீனம்மாவுடையது. ஏழாம் நம்பர் மலையில் கொழுந்தெடுப்பவர். லயத்து வாசலுக்குள் காலை வைத்த முத்துலிங்கம் அப்படியே நின்றுவிட்டார். பால்மாத் தகரத்தில், சிவப்புக்குள் ஊதா மடிந்து, தோடுப்பூ தொங்கிக்கொண்டிருந்தது.

"இது எப்புடி அக்கா வந்துச்சு?" என்று தனுஜா கேட்டாள்.

மீனம்மா தனுஜாவைப் பார்த்தார். பிறகு முத்துலிங்கத்தின் செருப்பைப் பார்த்தார். "அதுவா வந்துச்சுங்க, மிஸ்."

தனுஜா எழுதிக்கொண்டாள்.

"அந்த மஞ்சக் கொடி?"

"அது நம்ம பெரிய கிளாக்கரையா குடுத்தது மிஸ்! என் கையாலயே நட்டேன். நல்ல கன்னு."

இதைச் சொல்லும்போது மீனம்மா புறங்கைகளை முந்தானைக்குள் ஒளித்துக்கொண்டார். கொடி வேலியிலிருந்து இறங்கி ஏழாம் நம்பர் மலைக்குள் புகுந்து இரண்டு வருஷம் ஆகிறது. தேயிலைக்கு மேலே பாய் விரித்த மாதிரிக் கிடக்கிறது. அதை விலக்கி விலக்கித்தான் கொழுந்தைத் தேட வேண்டும், கையெல்லாம் கீறல். கிலோ குறைந்தால் அரைநாள் சம்பளம், அரைப்பேர்தான் விழும். ஆனால் கொடுத்த மகராசன் குடையோடு பக்கத்தில் நிற்கும்போது, "ஐயா, நீங்க குடுத்தது பெரிய தொல்லைங்க" என்று எந்த மானமுள்ள மனுஷி சொல்வார்?

அடுத்த வீட்டிலும் தோடுப்பூ. அதற்கடுத்த வீட்டிலும். இருபத்தேழு வாசலில் இருபத்து மூன்றில் அது தொங்கியது. இருபத்து மூன்று பேரும் முத்துலிங்கத்தின் செருப்பைப் பார்த்தார்கள். இருபத்து மூன்று பேருக்கும் அது அதுவாகவே வந்திருந்தது. ரோட்டோரம் கடை வைத்திருக்கும் அன்ஸார் மொதலாளி ஒருபடி மேலே போய், "காத்துல வந்திருக்கும் மிஸ். இங்க காத்து கூடத்தானே" என்றார். எல்லாம் தன் தாங்கியடியிலிருந்து கிளம்பியவை என்று முத்துலிங்கத்துக்குப் புரிந்துவிட்டது. கள்ளனுக்குக் கள்ளன் முகம் தெரியாதா? ஆனால் எந்த வாயால் கேட்பது? கணக்கெடுப்புக்கு என்று பின்பக்கமும் போய், அவருடைய தாங்கியடிச் செடியைக் காட்டி, "ஐயா, ஒங்களுக்கு இது எப்புடிக் கெடைச்சது?" என்று தனுஜா கடைசியாகக் கேட்டபோது, முப்பத்து நான்கு வருஷம் ஓர் எழுத்துப் பிழைகூட விடாத அந்த மனிதர் தொண்டையைச் செருமிக்கொண்டு சொன்னார்:

"அது... அதுவா வந்துச்சும்மா."

வந்த ஞாயிற்றுக்கிழமை காலை, வேலைக்குப் பேர் பதியும் பெரட்டுக் களத்தில் கூட்டம். வேலையை மேற்பார்க்கும் கண்டாக்கையா நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். தனுஜா பட்டியலை வாசித்தாள்.

"மஞ்சக் கொடி. யாராவது நட்டாத்தான் வருதுன்னு எல்லாருமே சொல்லியிருக்கீங்க. பச்சைப் பட்டியல். வளர்க்கலாம்."

மீனம்மா மட்டும் பெருமூச்சு விட்டார்.

"தோடுப்பூ. யாருமே நடல்ல, இருவத்து நாலு வீட்டுல தானா மொளச்சிருக்கு. நான் பார்த்ததுலயே இவ்வளவு வேகமாப் பரவுற செடி இதுதான். பூ காயானதை எங்கயும் காணல்ல, ஆனா ஒங்க சாட்சி இப்புடி இருக்கு. சிவப்புப் பட்டியல். இன்னைக்கு மத்தியானத்துக்குள்ள எல்லா வாசல்லயும் புடுங்கிக் கொண்டாந்து இங்க எரிச்சிரணும்."

முத்துலிங்கம் மனசுக்குள் கணக்குப் போட்டார். பதினெட்டு ஜனவரிப் பனி. பதினெட்டு வருஷச் சாக்கு. ஒரு வாரம் கவனிக்காவிட்டால் செத்துப்போகிற சீவன், ஊரை விழுங்க வந்த பூதம் என்று எழுதப்பட்டுவிட்டது. எழுதினவள் மேல் குற்றமில்லை; எழுதக் கொடுத்த வாய்களில் அவருடையதும் ஒன்று. பேசாமல் இருந்தால் மானம் மிஞ்சும், செடி போகும். பேசினால் செடி மிஞ்சும். களத்தைச் சுற்றிப் பார்த்தார். இருபத்து மூன்று பேரும் தங்கள் தங்கள் கால் விரலைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

எழும்பினார்.

"மிஸ், அது அதுவா வரல்ல. பெரிய தொரை பங்களாவுல நான் களவெடுத்தேன்."

 கண்டாக்கையா நாற்காலியில் நிமிர்ந்தார். பெரிய கிளாக்கரா? களவா?

மீனம்மா மெல்ல எழும்பினார். "ஐயா, நீங்க கோயிலுக்குப் போன வெள்ளிக்கெழம, ஒங்க தாங்கியடியில நான் எடுத்தேங்க."

"மீனம்மா வாசல்ல நான்" என்றது ஒரு குரல். "அவ வாசல்ல நானு." "நாங்களும் ஐயா தாங்கியடியிலதான்" என்றார்கள் ஏழெட்டுப் பேர். அன்ஸார் மொதலாளி தொப்பியைச் சரிசெய்துகொண்டு, "காத்துன்னு சொன்னது பொய் தான். நானே நகத்தால கிள்ளினேன்" என்றார். இருபத்து மூன்று களவும் பத்து நிமிஷத்தில் வெளியே வந்துவிட்டது. பொலிஸ் இந்தத் தோட்டத்தில் இவ்வளவு ஒப்புதல் வாக்குமூலம் ஒருநாளும் வாங்கியதில்லை.

முத்துலிங்கம் மனைவியின் பக்கம் திரும்பினார். "இத்தனை பேரு பின்பக்கம் வந்திருக்காங்க. நீ வீட்டுல என்னதான் பண்ணிக்கிட்டிருந்த?"

"கேட்டுக் குடுத்தா வேர் விடாதுன்னு நீங்கதானே சொன்னீங்க" என்றார் சண்முகவடிவு. "அதனால அவங்க வர்ற சத்தம் கேட்டா நான் உள்ளுக்குப் போயிருவேன்."

களமே சிரித்தது. தனுஜாவும் சிரித்துக்கொண்டே படிவத்தை அழித்து அழித்துத் திருத்தினாள். தானாக வருமா? வராது. கவனிப்பில்லாமல் பிழைக்குமா? பிழைக்காது. தோடுப்பூவின் புள்ளி மளமளவென்று இறங்கியது. பிறகு பென்சில் நின்றது.

"அப்ப மஞ்சக் கொடி பத்தி நீங்க சொன்னதாவது உண்மையா?"

களவையே ஒப்புக்கொண்ட பிறகு மரியாதைக்கு என்ன மிச்சம்? மீனம்மா முந்தானைக்குள்ளிருந்து இரண்டு கையையும் எடுத்து நீட்டினார்.

"எங்க வாசல்ல நட்டது நான்தான் மிஸ். ஆனா ஏழாம் நம்பர் மலையில யாருமே நடல்ல. அங்க அது அதுவா வந்துச்சு."

அந்தத் தோட்டத்தில் அந்த வாக்கியம் உண்மையாகச் சொல்லப்பட்டது அதுதான் முதல் தடவை.

அன்று மத்தியானமே எல்லோரும் மலைக்கு ஏறினார்கள். கொடி அரை மலையை மூடிக் கிடந்தது. மேலே காட்டு ஓரத்து மரங்களிலும் ஏறத் தொடங்கியிருந்தது. முத்துலிங்கம் அந்தப் பச்சையையும் பார்த்தார், மீனம்மாவின் கையையும் பார்த்தார். தானப் பிரபு என்று ஊர் சொன்னபோதெல்லாம் தலையை ஆட்டிக்கொண்டது ஞாபகம் வந்து, அவருக்கு வெட்கமாகிவிட்டது. மஞ்சள் கொடிக்குச் சிவப்புப் பட்டியலில் முதலிடம் கிடைத்தது. ஐந்து ஞாயிற்றுக்கிழமை சிரமதானம் போட்டு, அறுந்த துண்டு ஒன்றையும் விடாமல் பொறுக்கி எரித்தார்கள். முதல் ஆளாக மண்வெட்டியோடு நின்றவர் முத்துலிங்கம்தான். ஆனால் றொசல்ல ரயிலில் பையோடு போன அந்த மனிதர் இன்று எந்த ஊரை மூடிக்கொண்டிருக்கிறாரோ, அது யாருக்கும் தெரியாது.

வேலை முடிந்து கிளம்புகிற அன்று தனுஜா விடைபெற வந்தாள். முத்துலிங்கம் முதன்முறையாக ஒரு விருந்தாளியைத் தானாகவே பின்பக்கம் அழைத்துப் போனார். தோடுப்பூ நிறைந்து தொங்கியது.

"வேணும்னா ஒரு கொப்பு தரட்டுமாம்மா?"

"வேணாங்கையா. நாங்க அப்புடி எடுக்கக் கூடாது. ரூல்ஸ்."

அவர் தேத்தண்ணி சொல்ல உள்ளே போனார். குடித்தாள், கும்பிட்டாள், கொட்டகலை பஸ்ஸில் ஏறிவிட்டாள். சாயங்காலம் தண்ணீர் ஊற்றப் போனபோதுதான் பார்த்தார்: தாங்கிப் பக்கத்துக் கொப்பில் ஓரிடம் புதிதாக முறிந்திருந்தது. கணுவுக்குக் கீழே, சாய்வாக. நல்ல நகம். முத்துலிங்கத்துக்குக் கோபமே வரவில்லை. 'கேக்கல்ல, நன்றியும் சொல்லல்ல. டயகமவுல நிச்சயம் வேர் விடும்' என்று நினைத்துக்கொண்டார்.

நீங்கள் இப்போது சிரிக்கிறீர்கள். நல்லது. சிரித்துக்கொண்டே உங்கள் வலது கைப் பெருவிரல் நகத்தைக் கொஞ்சம் பாருங்கள். பிறகு வாசலுக்குப் போய், அந்த மூலைச் சாடியில் செழித்து நிற்கிறதே, அது எப்படி வந்தது என்று உங்களையே கேட்டுப் பாருங்கள். வாயில் வருகிற பதில் எனக்குத் தெரியும். அதை என்னிடம் தாராளமாகச் சொல்லலாம். கையில் படிவத்தோடு ஒரு பிள்ளை வந்து நிற்கும்போது மட்டும் சொல்லிவிடாதீர்கள், அவள் அதை அப்படியே எழுதிக்கொள்வாள். அதுசரி, பக்கத்து வீட்டுக்காரர் கேட்காமலே நேற்று ஒரு கட்டுக் கொடி கொடுத்தீர்களாமே, அது என்ன கொடி?