கட்டி கரைக்கும் கை

பூட்டிக் கிடந்த டயர் கிடங்கில் உள்ளங்கை ஐயா கடை விரித்ததிலிருந்து, ஊரில் பாதிப் பேருக்கு வயிற்றில் கட்டி வந்துவிட்டது. ஸ்கேன் உறைகளோடு வரிசை தெருமுனையைத் தாண்டியது. ஐயா கண்ணைக் கறுப்புத் துணியால் கட்டிக்கொள்வார். வயிற்றைத் தொடமாட்டார். ஒரு சாண் உயரத்தில் கையை ஆட்டுவார். கட்டி கரைந்துவிடும். மறுபடி ஸ்கேன் எடுத்தால் மட்டும் திரும்பி வந்துவிடுமாம். அவ்வளவு ரோஷமான கட்டி.

வரிசையில் ஒரு தையல்காரியும் நின்றாள். அவள் வயிற்றில் கட்டி இருப்பதாக ஸ்கேன் சொல்லியிருந்தது. பெரிய மருத்துவமனைக்குப் போகச் சொன்னதும் பயந்துபோய் இங்கே வந்துவிட்டாள். கூடவே லாரி ஓட்டும் கணவன். அவனுடைய தங்கையும் வந்திருந்தாள். பஸ் கண்டக்டர், டிக்கெட்டைக் கண்ணால் பார்க்காமல் யாரையும் நம்பாதவள்.

வாசலில் சீடன் உறையை வாங்கிப் படித்தான். உள்ளே போய் ஐயாவின் காதைக் கடித்துவிட்டு வாசலுக்கே திரும்பினான். கண்டக்டர் அதைக் கவனித்தாள். ஐயாவின் காதில் விழாதபடி குரலைத் தாழ்த்தினாள்.

"அண்ணி, நீங்க இங்கயே உக்காருங்க. அண்ணா, நீ போய்ப் படு."

"எனக்கு என்னடி வந்துச்சு?"

"படுண்ணா. வாயை மட்டும் திறக்காத."

டிரைவர் தொப்பையோடு படுத்தான். ஐயாவின் கை காற்றில் மிதந்தது.

"தெரியுது தாயி. கர்ப்பப்பைக்கு மேல, எலுமிச்சை அளவு. பாதி கரைஞ்சாச்சு. ஆஸ்பத்திரிப் பக்கம் மட்டும் போயிடாத."

"கண்கட்டை அவுத்துட்டு ஒருதரம் பாருங்கய்யா," என்றாள் கண்டக்டர்.

அவிழ்த்தார். எதிரே முறுக்கு மீசை.

"கட்டி... இடம் மாறிடுச்சு," என்றார் ஐயா.

"கர்ப்பப்பையுமா?"

யாரோ ஒருவர் சிரித்தார். பிறகு கிடங்கே சிரித்தது. தையல்காரி மட்டும் சிரிக்கவில்லை. கட்டி இன்னும் அவள் வயிற்றில்தானே இருந்தது.

அன்றே பெரிய மருத்துவமனைக்கு அழைத்துப் போனார்கள். ரத்த ஓட்டத்தைக் காட்டும் ஸ்கேனைப் பார்த்த டாக்டர் நாற்காலியை முன்னால் இழுத்துக்கொண்டார்.

"இது கட்டியே இல்லம்மா. ரத்தக்குழாய் பலூன் மாதிரி உப்பியிருக்கு. முதல் ஸ்கேனைப் படிச்சதுல எங்களை மாதிரி டாக்டருங்கதான் ஏமாந்துட்டாங்க. கட்டின்னு நினைச்சு ஊசி குத்தியிருந்தாலும் ஆபத்து, சும்மா விட்டிருந்தாலும் வெடிச்சிருக்கும்."

தொடை வழியாக மெல்லிய குழாயை விட்டு அந்த வீக்கத்தை அடைத்தார்கள். கண் விழித்ததும் தையல்காரி கேட்டாள்:

"அப்போ அந்த ஆளு கரைச்சது என்னது?"

"இல்லாத கர்ப்பப்பைக்கு மேல இருந்த இல்லாத கட்டியை," என்றாள் நாத்தனார். தையல் போட்டது போல இறுகியிருந்த தையல்காரியின் முகம் அப்போதுதான் தளர்ந்தது.

ஐயா இப்போது வேறு தெருவில் முதுகுவலி பார்க்கிறாராம். அங்கேயும் நல்ல கூட்டம். போகிறவர்கள் முதலில் தலையை ஒரு ஸ்கேன் எடுத்துக்கொள்ளலாம். உள்ளே இருக்கும் சரக்கு அலங்காரத்துக்கு அல்ல.