நாற்பது கேண்டில் வெளிச்சம்

பச்சை ஜாக்கெட்டுக்கு நீலக் கையை வைத்துத் தைத்து முடித்துவிட்டாள் சந்திரவல்லி. அதுவும் அவளாகக் கண்டுபிடிக்கவில்லை. துணி கொடுத்த கருத்தம்மா காலையில் தெருவில் நின்று விரித்துப் பார்த்துவிட்டுச் சொன்னாள்.

"இந்தா பாருங்க, இந்த மின்மினி வெளிச்சத்துல இனிமே ஊசியத் தொடமாட்டேன்," என்று சந்திரவல்லி கணவனிடம் அறிவித்தாள்.

கணவன் கன்னையன், போடியில் ஓர் ஏலக்காய்க் கடையில் சரக்கு எடை போடுகிறவன். ராஜாராம் வீட்டுப் பின்கட்டில் குடியிருந்தான். சன்னல் இல்லாத ஓட்டு வீடு. பகலிலும் விளக்குப் போட்டாக வேண்டும். முன்கட்டில் இருந்த ராஜாராம் கரண்டுக்கென்று தனியாகக் காசு வாங்குவதில்லை. பதிலுக்கு ஒரே ஒரு நிபந்தனைதான்: நாற்பது கேண்டில் பல்பு ஒன்று, அதற்கு மேல் கூடாது. வாட்டைக் கேண்டில் என்றுதான் அன்றைக்கு ஊரே சொல்லும். பல்புக்குத் தகரக் குடையைக்கூட அவரே மாட்டிக் கொடுத்திருந்தார்.

செருப்புத் தேய அலைந்து பிடித்த வீடு அது. இது போனால் ராசிங்காபுரத்தில் அண்ணன் வீட்டுக்குத்தான் திரும்ப வேண்டும். அங்கே சந்திரவல்லிக்கும் அவள் ஓரகத்திக்கும் ஒரே அடுப்பு. இதற்கு மேல் விளக்க வேண்டியதில்லை.

கடைத்தெருவில் கன்னையன் விசாரித்தபோது, கடைக்காரர் நூறு கேண்டில் குண்டு பல்பையும் ஒரு டியூப் லைட்டையும் பக்கத்தில் பக்கத்தில் எரியவிட்டுக் காட்டினார்.

"டியூப்பு எத்தன கேண்டிலு?"

"நாப்பதுதாண்ணே. ஆனா குண்டு பல்பு இதுகிட்ட நிக்குமா, நீங்களே பாருங்க."

நிற்கவில்லை. நிபந்தனையும் மீறவில்லை. கன்னையனுக்குத் தன் மூளையை நினைத்துத் தனக்கே பெருமையாக இருந்தது.

சாயங்காலம் தானே மாட்டி சுவிட்சைப் போட்டான். டியூப் இரண்டு தடவை கண் சிமிட்டிவிட்டுப் பளிச்சென்று எரிந்தது. சந்திரவல்லி வாயைத் திறப்பதற்குள் வாசலில் ராஜாராம் நின்றார்.

"என்ன தம்பி, கல்யாண மண்டபமா நடத்துறீக? மொதல்ல அணைங்க."

"நாப்பதுதாண்ணே. இந்தா, எழுதியிருக்கு பாருங்க."

"கம்பெனிக்காரன் எதத்தான் எழுத மாட்டான்? நாப்பது எம்புட்டு எரியும்னு எனக்குத் தெரியாதா?"

கன்னையன் அணைத்துவிட்டுக் கெஞ்சினான். வெகுநேரம் யோசித்துவிட்டு ராஜாராம் இறங்கி வந்தார்.

"சரி. மேல அட்டைய வச்சு மறைச்சுப் போடுங்க. வெளிச்சம் கீழ மட்டும் விழணும்."

கன்னையன் அட்டையைக் கயிற்றில் கட்டித் தொங்கவிட்டான். மறுநாள் சமையல் நேரத்தில் கயிறு அவிழ்ந்து, அட்டை நேரே புளிக்குழம்புச் சட்டிக்குள் இறங்கியது. அந்தச் சத்தத்துக்கே ராஜாராம் வந்துவிட்டார்.

"அட்ட நிக்கலேன்னா லைட்டும் நிக்கக் கூடாது," என்று அவரே சுவிட்சை அணைத்தார்.

"இந்த மனுசன் வெளிச்சத்துக்கு வரி போடுறாரா?" என்றாள் சந்திரவல்லி, குழம்பைப் பார்த்தபடி.

கன்னையனுக்கு வீம்பு வந்துவிட்டது. மீட்டரிலேயே பார்த்துவிடலாம் என்றான். ராஜாராம் தன் பக்கத்துக்கு ஆளாக எலக்ட்ரீசியன் அமாவாசையை அழைத்து வந்தார். பெயர்தான் அமாவாசை; தெருவில் பாதி வீட்டுக்கு விளக்குப் போட்டவர் அவர்தான்.

டியூப்பை மட்டும் எரியவிட்டு எல்லாரும் முன்வாசலுக்கு வந்து பார்த்தபோது மீட்டர்ச் சக்கரம் மெல்ல நகர்ந்தது. அதை அணைத்துவிட்டு முன்கட்டிலிருந்த ராஜாராமின் நூறு கேண்டிலைப் போட்டபோது ஓட்டமாய் ஓடியது.

"எது அதிகமாத் திங்குதுண்ணே?" என்று கன்னையன் மரியாதையாகக் கேட்டான்.

ராஜாராம் அமாவாசையைப் பார்த்தார். அமாவாசை மீட்டரைப் பார்த்தார்.

"நாப்பது பல்பவிட டியூப்பப் பத்தவைக்கிற சோக்குக் கட்ட கொஞ்சூண்டு கூடத் திங்கும்," என்றார் அமாவாசை.

"கேட்டீகளா?" என்றார் ராஜாராம்.

"அந்தக் கொஞ்சூண்டுக்கு நான் துட்டு தந்துர்றேண்ணே."

"துட்டா இப்பப் பேச்சு? பழைய பல்ப மாட்டுங்க. இல்லேன்னா வேற வீடு பாத்துக்கங்க."

கன்னையன் திரும்பிப் பார்த்தான். சந்திரவல்லியின் முகத்தில் ராசிங்காபுரத்து அடுப்பு தெரிந்தது.

"விட்டுருங்க," என்றாள் அவள். "நான் பகல்ல தெருவுல உக்காந்து தச்சுக்கிறேன்."

"சரிண்ணே, கழட்டிர்றோம். எங்களுக்கு இந்த வீடு இருந்தாப் போதும்," என்றான் கன்னையன்.

ராஜாராமின் முகம் மலர்ந்துவிட்டது. அவன் தோளைத் தட்டிக்கொடுத்தார். "வெரசா சோலிய முடி," என்று அமாவாசையிடம் சொல்லிவிட்டு டீ குடிக்கக் கிளம்பினார்.

அமாவாசை ஸ்டூலில் ஏறி டியூப்பைக் கழற்றிக் கன்னையன் கையில் கொடுத்தார். பழைய பல்பை மாட்டி, தகரக் குடையைச் சரி பண்ணினார். இறங்கியதும் வாசலை ஒரு தடவை எட்டிப் பார்த்துக்கொண்டார்.

"இந்த வீட்டுல நான் கழட்டுற மூணாவது டியூப் லைட்டுண்ணே இது," என்றார் மெதுவாக. "மத்த ரெண்டு குடும்பமும் அந்த வெளிச்சத்துல கூரை உத்தரம் விரிசல் விட்டுத் தொங்குறதப் பாத்துட்டு அன்னைக்கே ஓடிப் போயிட்டாக, இங்கயே இருக்கோம்னு கெஞ்சுனது நீங்க ஒருத்தருதான்."