மாப்பிள்ளைக்காக நான் சொன்ன சாட்சி

அன்பும் மதிப்பும் உள்ள மாப்பிள்ளை அவர்களுக்கு, மாமனார் மனமார வாழ்த்தி எழுதுவது. வீட்டில் எல்லோரும் சுகம். தாங்களும் சுகமாக இருப்பீர்கள் என்று எழுதக் கை கூசுகிறது. ஆறு மாதத்தில் வெளியே வரவேண்டியவரை இரண்டு வருஷம் உள்ளே வைத்தவன் நான்தானே.

உங்கள் ஜூனியர் வக்கீல் எனக்குப் படித்துப் படித்துச் சொன்னார்: "சார், கேட்டதுக்கு ஆமா, இல்ல. அதுக்கு மேல வாயைத் திறக்காதீங்க." நானும் கூண்டில் ஏறி, "என் மாப்பிள்ளை சாது" என்று சொன்னேன். அதோடு இறங்கியிருக்கலாம். அரசாங்க வக்கீல் சிரித்துக்கொண்டே, "ஒரு உதாரணம் சொல்லுங்களேன்" என்றார். முப்பத்தாறு வருஷம் வாத்தியாராக இருந்தவனிடம் உதாரணம் கேட்பது, சரிவில் நிற்கும் வண்டியைத் தள்ளிவிடுவது போல. ஆலை முதலாளிக்காக வாதாடப் போனவர், ஆலைக்குள் ஒருமுறை எட்டிப்பார்த்துவிட்டு, மறுநாளே வாசலில் தொழிலாளிகளைக் கூட்டி வேலையை நிறுத்தச் சொன்னாரே, அது இரக்ககுணம் இல்லையா என்றேன். வேலைநிறுத்தத்தைத் தூண்டியது யாரென்று சாட்சி கிடைக்காமல் அரசாங்கத் தரப்பினர் அதுவரை திண்டாடிக்கொண்டிருந்தார்களாம், எனக்கெப்படித் தெரியும், சரி, பொறுப்புக்கும் ஓர் உதாரணம் இருக்கட்டும் என்று, கோர்ட்டு வாசலில் தம் வக்கீல் அங்கியைக் கொளுத்தியபோதுகூடப் பக்கத்துக் கடைக் கூரையில் பொறி விழாமல் காற்று அடங்கும்வரை காத்திருந்தார் என்றேன். "அதை நீங்க பாத்தீங்களா?" என்றார். "தீப்பெட்டியே என்னுடையதுதானே" என்றேன். குமாஸ்தா, "கொஞ்சம் மெதுவா சொல்லுங்க சார்" என்றதும், பழக்கதோஷம், ஒவ்வொரு வாக்கியத்தையும் இரண்டு தடவை நிறுத்திச் சொன்னேன். வெள்ளைக்கார நீதிபதி எனக்கு நன்றிகூடச் சொன்னார். நீங்கள் தலைகுனிந்து குலுங்கியதைப் பார்த்து அழுகிறீர்களென்று பதறினேன். சிரித்தீர்களாம்.

சிறையிலிருந்து மற்றவர்களை மீட்கும் வக்கீல் என்று சொல்லித்தான் உங்களுக்குப் பெண் கொடுத்தேன். இப்போது அவள் யாரிடமும் பேசுவதில்லை. ஆகையால் இத்துடன் வைத்திருக்கும் மன்னிப்புப் பத்திரத்தில் கையெழுத்துப் போடுங்கள். "வருந்துகிறேன், இனிக் கூட்டங்களில் பேசமாட்டேன்" என்று இரண்டே வரி. போட்டால் இந்த வாரமே விடுதலை என்கிறார் அரசாங்க வக்கீல். மானம் போகுமே என்று யோசிக்காதீர்கள். பழியை என்மேல் போடுங்கள்.

நோய்நொடி அண்டாமல் வீடு வந்து சேர வாழ்த்தும்,
மாமனார்.

பி.கு.: கடிதத்தை உங்கள் மனைவி வாங்கிப் படித்தாள்.

"அப்பா, நீங்க கோர்ட்டுல சொன்னதுல பொய் ஏதாவது உண்டா?"

"இல்லம்மா."

"அவர் கூட்டத்துல பேசினதுல?"

பரீட்சைத்தாள் திருத்துவதுபோல வரிவரியாக யோசித்தேன். "இல்ல."

"அப்புறம் எதுக்கு மன்னிப்பு?"

பத்திரத்தை இத்துடன் வைக்கவில்லை.