ஏழு பக்க ஆட்சேபணை

இந்தக் காலத்து மனிதர்களுக்கு எதையும் பூட்டி வைக்கத் தெரியவில்லை. வாயையும் சேர்த்துத்தான். பூட்டு ரிப்பேர்க்காரர் காலையிலிருந்து இதையே புலம்பிக்கொண்டிருந்தார். பாஸ்டருக்குத் தொண்டையில் ஆபரேஷன். அதனால் இந்த ஞாயிறு சபையில் டீச்சரம்மா பிரசங்கம் செய்வாராம். கமிட்டி முடிவு செய்துவிட்டதாம்.

"அந்தம்மா மேடையில ஏறட்டும், நான் சபையை விட்டே இறங்கிடுறேன்" என்று கடைக்கு வந்தவன் போனவன் எல்லாரிடமும் சொல்லியாயிற்று. இனி இது மானப் பிரச்சினை.

ஆட்சேபணை எழுதிக் கொடுக்க வேண்டும். அவருடைய படிப்போ கையெழுத்துப் போடுவதோடு சரி. வேதத்தையே நாற்பது வருஷமாக மனைவி வாசிக்கத்தான் கேட்டிருக்கிறார்.

"எழுதுடி. சபையில பொம்பளை பேசக்கூடாதுன்னு வேதத்துல பவுல் சொல்லியிருக்காரு. அவ்வளவுதான். கொண்டா, கையெழுத்துப் போடுறேன்."

"எந்த அதிகாரம்னு போட வேணாமா?" அவள் பக்கங்களைப் புரட்டினாள். "இந்தா, இருக்குங்க. ஆனா..."

"என்ன ஆனா?"

"மூணு அதிகாரம் முன்னாடி, பொம்பளைங்க ஜெபம் பண்றப்போ, தீர்க்கதரிசனம் சொல்றப்போ தலையை மூடிக்கணும்னு அவரே சொல்றாரு. பேசவே கூடாதுன்னா முக்காடு எதுக்குன்னு கேப்பாங்களே?"

ரிப்பேர்க்காரர் தாடையைச் சொறிந்தார். திருடன் நுழையும் இடுக்கை விட்டுவைப்பது தொழிலுக்கு அழகல்ல. "அதையும் எழுதி, கீழே பதிலையும் எழுதிடு."

"என்ன பதில்?"

"என்னைக் கேட்டா? நீதானே படிச்சவ. நீயே போடு."

அவள் போட்டாள். அடுத்து பழைய ஏற்பாட்டிலிருந்து தெபொராள் வந்து நின்றாள்.

"ஒரு ஜனத்துக்கே நியாயம் தீர்த்தவளாச்சே. அவளைச் சொல்லி மடக்கினா?"

"அவளுக்கும் ஒரு பதில் போடு."

தெபொராளுக்கே ஒன்றரைப் பக்கம் போயிற்று.

"ஆண்டவர் உயிர்த்தெழுந்த சேதியைப் போய்ச் சொல்லுங்கன்னு முதல்ல பொம்பளைங்களைத்தானே அனுப்பினாரு?"

"ஏன், ஆம்பளைங்க எங்க போனாங்க?"

"பயந்துபோய்க் கதவைப் பூட்டிக்கிட்டு உள்ளே இருந்தாங்க."

"பூட்டினாங்கல்ல? அதான்டி புத்திசாலித்தனம்! அதை மறக்காம எழுது."

அரைப் பக்கத்தில் முடிய வேண்டியது ஏழு பக்கமாயிற்று. அவள் விரல்களை நீவிவிட்டுக்கொண்டாள். "உங்க கட்சிக்குத்தாங்க எழுதியிருக்கேன். அவங்க கட்சியையும் ஒளிக்கலை" என்றாள். கல்யாணமான புதிதில் பார்த்த வெளிச்சம் அவள் முகத்தில் இருந்தது. அது எதற்கென்று அவருக்கு விளங்கவில்லை. மீதிச் சில்லறையை மூன்று தரம் எண்ணுகிற மனிதர், ஒரு வரிகூட வாசிக்கச் சொல்லாமல் கையெழுத்துப் போட்டார்.

ஆட்சேபணையைக் கொடுத்து இரண்டு நாள் கழித்து சபை அலுவலகத்துக்குப் போனார். எழுத்தர் எழுந்து நின்றே வரவேற்றார்.

"வாங்கண்ணே! டீச்சரம்மா உங்க தாளை ரெண்டு தரம் படிச்சாங்க. நான் பேசலைன்னு விலகிட்டாங்க."

ரிப்பேர்க்காரரின் மார்பு இரண்டு அங்குலம் அகன்றது. "ஏழு பக்கம்யா! சும்மாவா?"

"முக்காடு, தெபொராள், பூட்டின கதவு... அத்தனையும் நீங்க சொன்னதா?"

"எழுதுன்னு சொன்னது நான். மத்ததெல்லாம் வீட்டுல."

"எழுத்தைப் பார்த்துட்டு டீச்சரம்மாவும் அதைத்தான் சொன்னாங்கண்ணே. இவ்வளவு வேதம் தெரிஞ்சவங்க கீழே உக்காந்திருக்க, நான் மேலே ஏறி நிக்கிறது தப்புன்னுட்டாங்க. கமிட்டியும் ஒத்துக்கிச்சு. ஞாயித்துக்கிழமை பிரசங்கம் உங்க வீட்டம்மாதான்!"

ரிப்பேர்க்காரர் தோள் துண்டை உதறிப் போட்டுக்கொண்டார்.

"பவுல் சொன்னது சொன்னதுதான். நான் சொன்னதும் சொன்னதுதான்" என்று முணுமுணுத்துக்கொண்டே படியிறங்கினார். அவர் மனம் ஒன்றும் மாறிவிடவில்லை. சேதியை வேறு எவனாவது முந்திப் போய் அவளிடம் சொல்லிவிடப் போகிறானே என்று நடையை மட்டும் எட்டிப் போட்டார்.