சீமாத்தைக் குடுங்க சாமி!

"சீமாத்தைக் குடுங்க சாமி! உங்களுக்குப் புண்ணியமாப் போவும்!"

புதுச்சத்திரம் பஸ் ஸ்டாப்பில், ஒரு கல்லூரிப் பெண்ணின் முன்னால் கையேந்தி நின்றார் காளியண்ணன். கோழிப்பண்ணை முதலாளி; இதுவரை யாரிடமும் எதற்கும் கையேந்தாதவர். அவர் கையிலிருந்த சீமாற்றை, அதாவது துடைப்பத்தை, பிடுங்கிய யுவஸ்ரீ விடுவதாக இல்லை.

"நீங்க உக்காருங்கய்யா. சேவையெல்லாம் நாங்க பாத்துக்கறோம்."

"சேவை இல்லீங்க கண்ணு, தண்டனை! கோர்ட்டு போட்ட தண்டனை!"

"எவ்வளவு அடக்கம் பாருடி!" என்றாள் யுவஸ்ரீ தோழியிடம்.

அவர் சொன்னது சத்தியம். அவருடைய கிடா ஒன்று காணாமல் போனபோது, பங்காளி கந்தப்பன்தான் அதைத் திருடிக் கறி போட்டுவிட்டார் என்று ஊர் வாட்ஸ்அப் குழுவில் ஆவேசமாகப் பேசி அனுப்பிவிட்டார். மறுநாள் கிடா அவருடைய சோளக்காட்டிலிருந்தே அசைபோட்டுக்கொண்டு வந்தது. கந்தப்பன் முன்னாள் பஞ்சாயத்துத் தலைவர். மானம் போனதென்று அவதூறு வழக்குப் போட்டார். காளியண்ணன் கூண்டிலேறி, "தப்புத்தானுங்க" என்று ஒப்புக்கொண்டார். புதிய குற்றவியல் சட்டத்தில் சிறைக்குப் பதிலாகச் சமூக சேவையும் ஒரு தண்டனையாக வந்திருக்கிறது என்று சொல்லி, ஒரு மாதம் தினமும் காலையில் பஸ் ஸ்டாப்பைக் கூட்டும்படி உத்தரவிட்டார் மாஜிஸ்திரேட் அம்மா. கண்காணிப்பு, ஏட்டு தமிழரசு.

"உங்க கையாலதான் கூட்டோணும்" என்று எச்சரித்தார் அவருடைய வக்கீல் வித்யா. "வேற ஆளு கூட்டுனா கோர்ட்டை ஏமாத்துன மாதிரி. அப்புறம் ஜெயில்தானுங்க."

"தப்புப் பண்ணுனவன் நானு. நானே கூட்டி முடிக்கறனுங்க" என்று காளியண்ணன் கங்கணம் கட்டிக்கொண்டார்.

முதல் நாள் வெட்கத்தில் துண்டால் முகத்தை மூடிக்கொண்டு கூட்டினார். அதுதான் வினையாயிற்று. 'முகம் காட்ட விரும்பாத தொண்டர்' என்று எவனோ வீடியோ போட, மாவட்டமே பார்த்தது. மறுநாள் துண்டை எடுத்துவிட்டு வந்தார். 'கோழிப்பண்ணை முதலாளி கையில் துடைப்பம்' என்று அது இன்னும் வேகமாகப் பரவியது.

வீட்டில் மனைவி குப்பாயி சட்டைக்கு இஸ்திரி போட ஆரம்பித்தாள். "ஊரே போட்டோ புடிக்குது. அந்தக் கிழிசலோட போயி என்ற மானத்தை வாங்காதீங்க."

அதற்குள் கல்லூரிக் கூட்டம் வேறு துடைப்பங்களோடு வந்துவிட்டது. யுவஸ்ரீயிடம் கெஞ்சிக் கூத்தாடி அவர் துடைப்பத்தைத் திரும்ப வாங்கும்போது, கூட்டுவதற்கு ஒரு தூசி மிச்சமில்லை.

காளியண்ணன் அசரவில்லை. அடுத்த நாள் தோட்டத்திலிருந்து ஒரு மூட்டைச் சருகைக் கட்டிக்கொண்டு வந்து, யாரும் வருமுன் பஸ் ஸ்டாப்பில் கொட்டினார்.

"ஏனுங்கண்ணா!" அலறிக்கொண்டு ஓடி வந்தார் ஏட்டு தமிழரசு. "பொது எடத்துல குப்பை கொட்டறீங்க? அதுக்குத் தனிக் கேசுங்க!"

"கூட்டறதுக்குத்தானுங்க கொட்டறேன்!"

"கொட்டறதுக்கு ஆர்டர் இருக்குதுங்களா?"

இல்லை. சருகை மூட்டையில் திரும்ப அள்ளினார்.

சரி, ஊருக்கே தெரிகிற மாதிரி எழுதி வைத்துவிடலாம் என்று ஒரு போர்டு நட்டார். 'இது கோர்ட் கொடுத்த தண்டனை. யாரும் உதவக் கூடாது.' அன்று சாயங்காலமே வித்யாவிடமிருந்து போன்.

"போர்டை ஆருங்க வெக்கச் சொன்னது? அதைப் படம் புடிச்சு நெட்டுல போட்டு, கீழ என்ன எழுதறாங்க தெரியுங்களா? நல்ல மனுசனுக்குத் தண்டனையா, ஜட்ஜ் வெலை போயிட்டாங்கன்னு எழுதறாங்க. கோர்ட் அவமதிப்புங்க அது!"

"நான் எழுதலீங்களே!"

"போர்டு உங்களுதுதான? உங்களையும் சேத்து இழுத்துருவாங்க."

விடிந்ததும் போர்டைப் பிடுங்கி எறிந்துவிட்டு, பஸ் ஸ்டாப் பெஞ்சின் மேல் ஏறி நின்றார்.

"எல்லாரும் கேட்டுக்கங்க! ஜட்ஜம்மா சொன்னது நூத்துக்கு நூறு சரிங்க. களவாங்காத மனுசனைக் களவாணின்னு சொன்னவன் நானு. கோர்ட்டை ஒரு வார்த்தை தப்பாப் பேசுனீங்கன்னா நான் மனுசனா இருக்க மாட்டேன்!"

கைதட்டல் அடங்கவே இல்லை.

"தலைவருன்னா இவருங்க! பஞ்சாயத்து எலக்சன்ல நில்லுங்கய்யா!" என்று ஒருவர் மாலையோடு ஓடி வந்தார். காளியண்ணன் திமிறியதில் மாலை பிய்ந்து பூவெல்லாம் தரையில் கொட்டியது. கூட்டுவதற்கு இதாவது கிடைத்ததே என்று பாய்ந்து விழுந்து கூட்டினார்.

இப்படியே ஒரு வழியாகக் கடைசி நாளும் வந்தது. கூட்டத்தைப் பிளந்துகொண்டு வந்து நின்றார் கந்தப்பன். கண் சிவந்திருந்தது.

"எல்லாரும் நல்லா வீடியோ எடுத்துக்கங்க! இந்தக் காளியண்ணன் செத்த கோழியக் கறிக்கடைக்கு விக்கறவன்! பேரைச் சொல்லியே சொல்றேன்!"

அப்பட்டமான பொய். காளியண்ணனுக்குக் காது மடல் சுட்டது. துடைப்பக் கட்டையை இறுக்கிப் பிடித்தார். ஆனாலும் கந்தப்பன் மேல் பாயப்போன இளவட்டங்களைக் குறுக்கே நின்று தடுத்தார்.

"உடுங்க சாமி. நான் பேசுனப்ப அவனுக்கும் இப்படித்தான எரிஞ்சிருக்கும்?"

கந்தப்பன் பக்கத்தில் போன் பிடித்திருந்தவரைப் பார்த்து, "பதிவாயிருச்சா?" என்று கேட்டுவிட்டுப் போனார்.

மறுநாள் கோர்ட்டில் தமிழரசு அறிக்கை கொடுத்தார். தண்டனை நிறைவேறியது என்றார் மாஜிஸ்திரேட் அம்மா. தலையிலிருந்த பாரம் இறங்கி வெளியே வந்த காளியண்ணனை வித்யா நிறுத்தினார்.

"கந்தப்பன் பேசுனதுக்குக் கேஸ் போட்டா நிக்குமுங்க. போடலாங்களா?"

"வேண்டாமுங்க. ஒருக்காப் பட்டதே போதும். அவனை மனசார மன்னிச்சுட்டனுங்க."

சொல்லும்போதே அவருக்கு நெஞ்சு நிறைந்தது. அப்போது மூச்சிரைக்க ஓடி வந்தார் ஏட்டு தமிழரசு.

"அண்ணா, அப்படிச் சொல்லிப்போடாதீங்க! கந்தப்பண்ணன் புதுச் சீமாறு ரெண்டு வாங்கிக்கிட்டு கோர்ட் வாசல்ல காத்திருக்கறாருங்க... எலக்சனுக்குள்ள தண்டனை கெடைக்கோணுமாம், வெரசாக் கேஸ் போடச் சொல்லிக் கெஞ்சறாருங்க!"