அரிசி டின்னில் மாட்டிய ஸ்பிரிங் பின்

மிஷினுக்கு ஒரு சாமான் வாங்குவதென்றால், அதை முதலில் பெண்டாட்டி கையில் கொடுத்துப் பார்க்கிற மனுஷன் இந்த உலகத்திலேயே ஒருத்தர்தான். அவர் எங்கள் பீங்கான் கம்பெனி ஃபிட்டர், பின்னு அண்ணன்.

விருத்தாசலத்தில் அந்தக் கம்பெனியில் நான் கப்பு பிரஸ்ஸில் வேலை பார்க்கிறேன். வட்ட மேசை மேல் அச்சுகள் இருக்கும். மேசையைக் கையால் சுற்றி, ஒரு அச்சை நேராக நிறுத்தி, களிமண் உருண்டையை வைத்தால், மேலேயிருந்து பிரஸ்ஸின் தலை தானாக இறங்கி அமுக்கும். மேசை அசையாமல் பிடித்துக்கொள்வது ஒரே ஒரு ஸ்பிரிங் பின். குமிழை மேலே இழுத்தால் மேசை சுற்றும். விட்டால் பின் 'டக்'கென்று குழிக்குள் இறங்கிப் பூட்டிக்கொள்ளும். அது தேய்ந்துபோய், ஒருநாள் மேசை நழுவி என் கையையும் இழுத்துக்கொண்டு போக, தலை வந்து கையுறை நுனியைக் கவ்விவிட்டது. விரல் தப்பியது எங்கள் ஊர்ச் சாமி பழமலைநாதர் புண்ணியம்.

முதலாளி புதுப் பின்னில் இரண்டு தினுசு வரவழைத்தார். ஒன்று, இழுத்து லேசாகத் திருகினால் மேலேயே நின்றுகொள்ளும்; கைக்கு வேலை மிச்சம். இன்னொன்று, இழுத்துப் பிடித்துக்கொண்டே இருக்க வேண்டும். கையை எடுத்தால் இறங்கிவிடும். பெண்கள் எல்லோரும் முதல் தினுசுக்கே கை தூக்கினோம்.

"இரும்மா, வூட்ல கேட்டுட்டு வந்து சொல்றேன்," என்றார் பின்னு அண்ணன்.

"ஏண்ணே, அண்ணி என்ன இன்ஜினியரா?"

"அவ கையில நாலு நாள் நின்னுச்சுன்னா எந்த மிஷின்லயும் நிக்கும்."

எனக்கு விரல் கவலை. ஞாயிற்றுக்கிழமை கோயிலுக்குப் போன கையோடு அவர் வீட்டுக்குப் போனேன். அங்கே பின் இல்லாத இடமே கிடையாது. பீரோ, ஜன்னல், கோழிக்கூண்டு, எல்லாவற்றிலும் குமிழ். கக்கூஸ் கதவைத் திறக்கத் தெரியாமல் சம்பந்தி உள்ளேயே உட்கார்ந்து சாமி பாட்டு பாடிக்கொண்டிருந்தாராம்.

புதுப் பின்களில் திருகி நிறுத்துவது அரிசி டின் மூடியில், தானே இறங்குவது தவிட்டு டின்னில். நான் போன நேரம், இரண்டு டின்னையும் ஆடு முட்டித் தள்ளி அரிசி வாசல் வரைக்கும் ஓடியிருந்தது. கோழிகளுக்குப் பந்தி. தவிட்டு டின்னும் உருண்டுதான் கிடந்தது, ஆனால் மூடி அசையவில்லை.

"வா தங்கச்சி, வந்து பாரு இந்தக் கூத்த!" என்றார் அண்ணி. "களிமண்ணு கையாட்டம் இருக்கணுமாம். இட்லி மாவுக் கையோட இழு இழுன்னு உசுர வாங்குறாரு. கொளஞ்சியப்பர் கோயில்ல இவரு மேல பிராது கட்டிட்டுதான் மறுவேலை!"

எங்கள் பக்கத்தில் கோர்ட்டுக்குப் போகாத வழக்கெல்லாம் அந்தச் சாமியிடம்தான் போகும். அண்ணன் காதில் எதுவும் ஏறவில்லை. "மறந்துட்டா! திருகி நிறுத்துனத எறக்க மறந்துட்டா!" என்று குதிக்கிறார்.

"அடுப்புல சோறு பொங்குது, போன்ல பொண்ணு கூப்புடுது. இதுல உங்க பின்ன வேற நெனப்புல வச்சிக்கணுமா?"

"அதத்தாண்டி பாக்கணும்னு வச்சேன். நீ மறந்தா அரிசி போச்சு. இந்தப் பொண்ணு மறந்தா?"

அண்ணி என் கையைப் பார்த்தார். துடைப்பத்தை எடுத்து அரிசியைக் கூட்ட ஆரம்பித்துவிட்டார்.

தானே இறங்கும் பின்தான் பிரஸ்ஸுக்கு வந்தது. பிடித்துப் பிடித்து எங்களுக்கு மணிக்கட்டு கடுத்தது. ஆளாளுக்கு அவரைத் திட்டினோம்.

"திட்டுங்க தாயி, பத்து விரலையும் நீட்டித் திட்டுங்க," என்று சிரிப்பார்.

போன மாசம், மேசை பாதி சுற்றும்போது பக்கத்தில் ஒரு பலகை நிறைய கப்பு சரிந்து விழுந்தது. பதறிப்போய்க் குமிழை விட்டுவிட்டு அந்தப் பக்கம் திரும்பிவிட்டேன். என் இடது கை மேசை விளிம்பிலேயே இருந்தது. பின் அடுத்த குழியில் டக்கென்று இறங்கி மேசையை நிறுத்தியது. தலை வந்து களிமண்ணைத்தான் அமுக்கியது. மற்ற பின்னாக இருந்திருந்தால் மேசை நிற்காமல் என் கையைத் தலைக்கு அடியில் கொண்டுபோயிருக்கும்.

வெள்ளிக்கிழமை பழமலைநாதர் சன்னதியில் அண்ணனுக்கு அர்ச்சனை செய்யப் போனேன்.

"பேரு, நட்சத்திரம்?" என்றார் குருக்கள்.

கம்பெனியில் யாரும் அவரைப் பேர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. அண்ணி வாயிலும் புருஷன் பேர் வராது.

"பின்னு அண்ணன்னு சொல்லுங்க சாமி," என்றேன். "உள்ள இருக்கறவருக்குத் தெரியும்."