அணைய மறுத்த இன்ஜின்

மின்சாரம் போனதும் மனிதர்கள் இரண்டு வகையாகப் பிரிந்துவிடுவார்கள். ஒரு வகை மெழுகுவர்த்தி தேடும். இன்னொரு வகை வாசலுக்குப் போய், இடுப்பில் கை வைத்து நின்றுகொண்டு, "ஏன் போச்சு?" என்று கேட்கும். யாரைக் கேட்கிறது? அதெல்லாம் அதற்குக் கவலையில்லை. எதிர் வீட்டிலும் போயிருக்கிறதா, அடுத்த தெருவில் மட்டும் எப்படி இருக்கிறது, கம்பத்தில் ஏதாவது பொறி பறந்ததா, நேற்று ஏணியோடு வந்த ஆள் எதற்காக வந்தார் என்று துருவித் துருவி விசாரித்துக்கொண்டிருக்கும்போதே விளக்கு திரும்ப எரிந்துவிடும். வீட்டில் எல்லோரும் "அப்பாடா" என்பார்கள். இவர் முகம் மட்டும் வாடிப்போகும். காரணம் தெரிவதற்கு முன்பே வந்துவிட்டதே!

இந்த இனத்துக்குக் காரணந்தேடி என்று பெயர் வைத்துக்கொள்வோம். எல்லா அலுவலகத்திலும் ஒன்றாவது இருக்கும். டாக்டர் மாத்திரை எழுதினால், நோய் தீருமா என்று கேட்காமல், மாத்திரை எதற்கு ரோஸ் நிறத்தில் இருக்கிறது என்று கேட்கும். லிஃப்ட் மூன்றாவது மாடியில் தேவையில்லாமல் நின்று கதவைத் திறந்தால், வெளியே தலையை நீட்டி யாராவது பொத்தானை அழுத்தினார்களா என்று பார்க்கும். யாருமில்லை என்றால் அன்றைக்கு அதற்கு வேலை ஓடாது.

இந்த இனத்தில் அசல் வார்ப்பு ஒருவர் உண்டு. அவரை எல்லோரும் விசாரணையார் என்றுதான் அழைப்பார்கள். பாட்டில் மூடி செய்யும் தொழிற்சாலையில், தர ஆய்வுப் பிரிவில், இருபத்திரண்டு வருஷமாகக் கோணல் மூடிகளைப் பார்த்துக்கொண்டிருப்பவர். அங்கே ஒரு மஞ்சள் படிவம் இருக்கிறது. அதில் ஒன்றன் கீழ் ஒன்றாக ஐந்து கட்டங்கள். ஒவ்வொரு கட்டத்தின் தலையிலும் "ஏன்?" என்று அச்சடித்திருக்கும். மூடி கோணல். ஏன்? அச்சு சூடாகிவிட்டது. ஏன்? தண்ணீர் வரவில்லை. ஏன்? குழாய் அடைப்பு. இப்படியே தோண்டிக்கொண்டு போனால் ஐந்தாவது கட்டத்தில் உண்மை அகப்பட்டுவிடும் என்பது தொழிற்சாலையின் நம்பிக்கை. நல்ல நம்பிக்கைதான். ஆனால் படிவத்தைத் தொழிற்சாலையிலேயே வைத்துவிட்டு வீட்டுக்குப் போக வேண்டும் என்று அவருக்கு யாரும் சொல்லவில்லை.

வீட்டில் பால் பொங்கினால் படிவம் வரும். ஒற்றைச் செருப்பு காணாமல் போனால் படிவம் வரும். மனைவி ஒரு பல் மருத்துவமனையில் வரவேற்பு மேசையில் இருப்பவர். வேலையைப் பற்றி யாராவது கேட்டால், "வாயைத் திறக்க வைக்கறது டாக்டர் பொறுப்பு. மூட வைக்கறது என் பொறுப்பு. வீட்டுல மட்டும் ரெண்டும் நடக்க மாட்டேங்குது" என்பார். மகள் காது கேட்கும் திறனைச் சோதிக்கும் படிப்பு முடித்துவிட்டு வேலை தேடிக்கொண்டிருந்தாள். இரண்டு இடங்களில் நேர்காணலுக்குப் போனாள், இரண்டிலும் இல்லை என்றுவிட்டார்கள். வேறு அப்பாவாக இருந்தால் தோளைத் தட்டிக் கொடுத்துவிட்டு விட்டிருப்பார். இவர் அவர்களுக்குக் கடிதம் எழுதினார். என் மகளை ஏன் எடுக்கவில்லை என்று அறிய விரும்புகிறேன். பதில் வரவில்லை. ஏன் பதில் போடவில்லை என்று இரண்டாவது கடிதம் எழுதினார். மகள் ஒரு வாரம் அவரோடு பேசவில்லை. ஏன் பேசவில்லை என்பதற்கும் ஒரு படிவம் போட்டு வைத்தார்.

இனி காருக்கு வருவோம். அவருடைய காரில் ஒரு வசதி இருந்தது. சிக்னலில் நின்று பிரேக்கை மிதித்தபடி இருந்தால் இன்ஜின் தானாக அணைந்துவிடும். காலை எடுத்தால் தானாகக் கிளம்பும். பெட்ரோல் மிச்சம், புகை மிச்சம். நாலு வருஷமாக ஒழுங்காக நடந்துவந்த காரியம். ஒரு திங்கட்கிழமை காலை, மனைவியை மருத்துவமனையில் விடப் போகும்போது, சிக்னலில் வண்டி நின்றது, இன்ஜின் நிற்கவில்லை. முன்பலகையில் வட்டத்துக்குள் இருக்கும் ஓர் எழுத்தின் குறுக்கே கோடு போட்டு, ஆரஞ்சு நிறத்தில் ஒரு சின்ன விளக்கு எரிந்தது. வசதி இப்போது கிடைக்காது என்று அர்த்தம்.

வண்டி ஓடவில்லையே என்று கண்கலங்கியவர்களை உலகம் பார்த்திருக்கிறது. வண்டி ஓடிக்கொண்டிருக்கிறதே என்று பதறியவர் இவர் ஒருவர்தான்.

"என்னங்க, பச்சை விழுந்துடுச்சு."

"இரு. அணையவே இல்ல."

"எது?"

"இன்ஜின்."

"அது அணைஞ்சாத்தானேங்க கவலைப்படணும்?"

"புரியாம பேசாத. அணைய வேண்டிய நேரத்துல அணையல. ஏன்?"

"பின்னாடி இருக்கறவங்க இறங்கி வந்து சொல்லுவாங்க. இருங்க, கேட்டுட்டுப் போகலாம்."

அன்று மாலையே காரோடு வந்த கையேட்டை எடுத்தார். நானூறு பக்கம். அச்சடித்தவர்களே படித்திருக்க மாட்டார்கள். அதில் இந்த வசதி எப்போதெல்லாம் வேலை செய்யாது என்று பதினேழு சமாசாரங்கள் இருந்தன. இன்ஜின் போதுமான சூட்டுக்கு வந்திருக்க வேண்டும். வெளியே ரொம்ப வெயிலும் கூடாது, ரொம்பக் குளிரும் கூடாது. ஏசி உள்ளே தன் வேலையை முடித்திருக்க வேண்டும். கதவும் பானெட்டும் மூடியிருக்க வேண்டும், பெல்ட் போட்டிருக்க வேண்டும், ஸ்டீயரிங் நேராக இருக்க வேண்டும், சாலை சரிவாக இருக்கக் கூடாது, பிரேக்கை அழுத்தி மிதிக்க வேண்டும், பேட்டரியில் சக்தி இருக்க வேண்டும். ஓடுவதற்கு ஒரு சாவி போதும், நிற்பதற்குப் பதினேழு நிபந்தனை! சம்பந்தி வீட்டார்கூட இத்தனை போட மாட்டார்கள்.

விசாரணையார் ஒவ்வொன்றாகப் பிடித்தார். ஏசிதான் குற்றவாளியா என்று பார்க்க, நடுப்பகலில் ஏசியை நிறுத்தி, கண்ணாடியை ஏற்றிவிட்டு, மனைவிக்கு ஊரைச் சுற்றிக் காட்டினார். மருத்துவமனை வாசலில் இறங்கும்போது அந்த அம்மாளைப் பிழிந்து காயப்போட்டிருக்கலாம். சாலை சரிவா என்று பார்க்க ஒவ்வொரு சிக்னலிலும் காருக்குள் தரையில் தண்ணீர் பாட்டிலைப் படுக்க வைத்தார். அது உருண்டு போய் பிரேக்குக்கு அடியில் சிக்கிக்கொண்டது. அன்றைக்கு இன்ஜின் மட்டுமல்ல, வண்டியும் நிற்கவில்லை. நல்லவேளை, முன்னால் யாருமில்லை. பெல்ட்டை நாலு முறை கழற்றிப் போட்டார். கதவுகளைத் திறந்து திறந்து அறைந்தார். பேட்டரியை மட்டும் அவர் சந்தேகிக்கவே இல்லை. அது போன வருஷம்தான் புதிதாகப் போட்டது, ரசீது பத்திரமாக இருக்கிறது. ரசீது உள்ள பொருள்மேல் சந்தேகப்படுவது அவர் வழக்கமில்லை.

இதெல்லாம் பத்தாது என்று, அந்த முதல் நாளிலிருந்தே தினமும் வேலை முடிந்து வந்ததும் வாசலில் காரை நிறுத்தி, இன்ஜினை அணைத்து, சாவியை மறுபடி பாதி திருப்பி, முன்பலகை விளக்குகள் எல்லாம் எரிய, மின்விசிறி ஓட, தலைக்கு மேலே இருக்கும் சின்ன விளக்கையும் போட்டுக்கொண்டு, கையேட்டை மடியில் விரித்துவைத்து ஒரு மணி நேரம் ஆராய்ச்சி செய்தார். மனைவி காபியை ஜன்னல் வழியாக நீட்டினார்.

"வீட்டுக்குள்ளயும் நாற்காலி இருக்குங்க."

"உள்ள வந்தா இந்த விளக்க எப்படிப் பார்க்கறது?"

மூன்று வாரம் இப்படிப் போனது. ஆரஞ்சு விளக்கு அசைந்து கொடுக்கவில்லை.

அப்போதுதான் மகளுக்கு மூன்றாவது நேர்காணல் வந்தது. காது மருத்துவமனை, பத்து மணிக்கு. இதுவும் போனால் படிப்பை மூட்டை கட்டி வைத்துவிட்டு ஏதாவது கடையில் வேலைக்குப் போய்விடுவதாக அவள் அம்மாவிடம் சொல்லியிருந்தாள். அப்பாவுக்கும் அது தெரியும். இரண்டு நாளாகச் சாப்பாடு இறங்கவில்லை அவருக்கு.

"நான் பஸ்ல போயிடறேன்ப்பா."

"மழை வர்ற மாதிரி இருக்கும்மா. நான் கொண்டு விடறேன்."

"அப்ப ஒரு சத்தியம் பண்ணுங்க. இறங்கற வரைக்கும் 'ஏன்'கற வார்த்தை உங்க வாயிலேருந்து வரக் கூடாது."

"வராதும்மா."

வரவில்லை. அதற்காக அவரைப் பாராட்டத்தான் வேண்டும். முதல் சிக்னலில் இன்ஜின் உறுமிக்கொண்டே இருந்தது. உதட்டைக் கடித்துக்கொண்டார். இரண்டாவது சிக்னலில் நெற்றி நரம்பு புடைத்தது. மூன்றாவது சிக்னலில் மணி ஒன்பது நாற்பது, லேசாகத் தூறல். வாய்தான் சத்தியம் செய்திருந்தது, கை செய்யவில்லை. ஒருமுறை முழுசாக அணைத்துவிட்டுப் போட்டால் தெளிந்துவிடுமோ என்று தோன்றியது. தோன்றி முடிவதற்குள் கை சாவியைத் திருப்பிவிட்டது.

இன்ஜின் அணைந்தது. மூன்று வாரமாக அவர் ஏங்கிக் கிடந்த அமைதி. அதை அனுபவிக்க அவருக்கு ஒரு நொடிகூடக் கிடைக்கவில்லை. பச்சை விழுந்தது. சாவியைத் திருப்பினார். டிக். மறுபடி திருப்பினார். டிக், டிக், டிக். முன்பலகை விளக்குகள் எல்லாம் கண்ணை மூடிக்கொண்டன. பின்னால் ஹாரன்கள் தொடங்கின.

மகள் அவரைப் பார்த்தாள். ஏன் என்று அவள் கேட்கவில்லை. கேட்டிருந்தால் தேவலை என்று இருந்தது அவருக்கு. ஃபைலைத் தலைக்கு மேல் பிடித்து, குதிகால் உயர்ந்த செருப்பைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டு, கார்களுக்கு நடுவே புகுந்து ஓடினாள். அவள் ஓடுவதைக் கண்ணாடி வழியாகப் பார்த்துக்கொண்டிருந்தார். "நானெல்லாம் ஒரு மனுஷனா" என்று வாய்விட்டுச் சொன்னார்.

மெக்கானிக் கேபிளோடு வந்து சேர முக்கால் மணி நேரம் ஆனது. பானெட்டைத் திறந்து மீட்டரை வைத்துப் பார்த்தார்.

"பேட்டரி காலி சார். தினம் எவ்வளவு தூரம் ஓட்றீங்க?"

"காலைல பத்து நிமிஷம், சாயங்காலம் பத்து நிமிஷம்."

"வேற?"

"வேற ஒண்ணுமில்ல. சாயங்காலம் ஒரு மணி நேரம் சாவியப் போட்டு உள்ள உக்காந்துட்டு, சிக்னல்ல இன்ஜின் ஏன் அணையலைன்னு பார்க்கறேன்."

மெக்கானிக் மீட்டரைக் கீழே வைத்தார். "சார், பேட்டரி இறங்குனா வண்டி இன்ஜினை அணைக்காது. அணைச்சா திரும்பக் கிளப்ப முடியாதுன்னு அதுக்குத் தெரியும். உங்களவிட அது உஷாரு."

"அப்ப முதல் நாள் ஏன் அணையல?"

"அன்னைக்கு வெயில் அதிகமா இருந்திருக்கும், ஏசி வேலை முடிஞ்சிருக்காது. மறுநாள் தன்னால சரியாப் போயிருக்கும் சார். ரெண்டாவது நாள்லேருந்து நீங்கதான்."

விசாரணையார் பழக்கதோஷத்தில் ஒரு மஞ்சள் படிவத்தை எடுத்து, தூறலில் நனையாமல் பானெட்டுக்கு அடியில் பிடித்து எழுதினார். வண்டி ஏன் கிளம்பவில்லை? பேட்டரி காலி. ஏன் காலி? சாவி போட்டே இருந்தது. ஏன்? உள்ளே ஒருவர் உட்கார்ந்திருந்தார். ஏன் உட்கார்ந்திருந்தார்? இன்ஜின் ஏன் அணையவில்லை என்று கண்டுபிடிக்க. அது ஏன் அணையவில்லை? பேட்டரி காலி. ஐந்து கட்டமும் முடிந்துவிட்டது. ஆறாவது கட்டம் இருக்கிறதா என்று படிவத்தைத் திருப்பிப் பார்த்தார். பானெட்டை மூட வேண்டும், கையை எடுங்கள் என்றார் மெக்கானிக்.

மத்தியானம் மகள் வீட்டுக்கு வந்தாள். தலை காயவில்லை. பாவாடை ஓரமெல்லாம் சேறு. நேராக, அன்றைக்கு லீவு போட்டிருந்த அம்மாவிடம் போய், "எடுத்துட்டாங்கம்மா. திங்கக்கிழமைலேருந்து வரச் சொல்லிட்டாங்க" என்றாள்.

அம்மா அவளைக் கட்டிக்கொண்டு அழுதார். அப்பாவும் அழுதார். அழுதுகொண்டிருக்கும்போதே அவருக்குத் தாடை மெல்ல அசைய ஆரம்பித்தது. மகள் சொன்ன கணக்கில் இருபத்தைந்து நிமிஷம் தாமதம். செருப்பு கையில். சொட்டச் சொட்ட நனைந்த தலை. நேரத்துக்கு வந்து வரிசையாக உட்கார்ந்திருந்தவர்கள் ஆறு பேர். ஒழுங்காகக் கிளம்பிப் போன இரண்டு இடத்திலும் வேண்டாம் என்றிருக்க, இந்தக் கோலத்தில் போன இடத்தில்...

"வேணாங்க" என்றார் மனைவி.

"நான் ஒண்ணும் கேக்கலையே. நன்றி சொல்லி ஒரே ஒரு லெட்டர். அதுலயே கடைசியில ஒரு வரி..."

"அவங்க இன்னும் யோசிக்கலைங்க. நீங்க கேட்டா யோசிப்பாங்க. யோசிச்சா வேணாம்னுடுவாங்க."

மகள் கையெடுத்துக் கும்பிட்டாள். அதைப் பார்த்ததும் அவர் வாயை மூடிக்கொண்டார். மூடியது மூடியதுதான். மூன்று மாதம் ஆகிறது. கடிதம் எழுதவில்லை, போன் செய்யவில்லை, அந்த மருத்துவமனை இருக்கும் பக்கம்கூடப் போவதில்லை. அஞ்சு கிலோ இளைத்துவிட்டார். வாழ்க்கையில் தன் மகளுக்காக அவர் செய்த எல்லாவற்றிலும் இதுதான் பெரியது என்று அவர் மனைவியே ஒப்புக்கொள்கிறார்.

பாவம் இந்த மனுஷன் என்று சிரிக்கிறீர்கள். சிரியுங்கள். நனைந்த தலையும் கையில் செருப்புமாக வந்து நின்ற பெண்ணை, உலர்ந்த தலையோடு ஆறு பேர் காத்திருக்கும்போது, அவர்கள் எதற்காக எடுத்தார்கள் என்று எனக்குத் தெரியும். விசாரித்துவிட்டேன். ஆனால் சொல்வதாக இல்லை. இந்தப் பக்கத்தை மூடி வைத்துவிட்டு உங்களால் உங்கள் வேலையைப் பார்க்க முடிகிறதா? முடிந்தால் நீங்கள் பிழைத்தீர்கள். முடியவில்லை என்றால், உங்களுக்குப் புண்ணியமாகப் போகும், அந்த மருத்துவமனைக்கு மட்டும் எழுதிக் கேட்டுவிடாதீர்கள். அந்தப் பெண்ணுக்கு வேலை இன்னும் நிரந்தரமாகவில்லை.